பனை, பலா, கருவேலம்: பேனா கடைய ஒரு கடலூர்ப் பயணம்

வியாழன், கடலூர்

சேலத்தில் விடியற்காலை ஏறிய பேருந்து விருத்தாசலம், நெய்வேலி, வடலூர் என்று நின்று நின்று கடலூர் வந்து சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. என் பையை நகர்த்திப் பார்த்த நடத்துநர் ‘உள்ளே என்ன சார், இரும்பா?’ என்று கேட்டார். பாதி இரும்புதான். சின்ன உளிகள், பித்தளைக் குழாய்கள், பேனாவைக் கோத்துப் பிடிக்கும் மேண்ட்ரல் கம்பி, எந்தத் தடிமனுக்குக் கடைய வேண்டும் என்று காட்ட இரு பக்கமும் கோக்கும் புஷ் என்ற உலோக வளையங்கள், ஒரு கட்டு உப்புத்தாள். துணிமணிக்கு மிச்சம் கிடைத்த இடம் கொஞ்சம்தான்.

பேனா கடைவது என்றால் என்ன என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மரத்தை முக்கால் அங்குலச் சதுரக் கட்டையாக அறுத்து, நடுவில் 7 மி.மீ. துளை போட்டு, அதற்குள் பித்தளைக் குழாயை ஒட்டி, முனைகளை நேராகச் சீவி, கட்டையைச் சுழற்றும் லேத்தில் மாட்டி உளி வைத்தால் பேனாவின் உடல் கிடைக்கும். முனை, கிளிப், ரீஃபிலைத் திருகி வெளியே தள்ளும் உள்பாகம் எல்லாம் கிட்டாகவே விற்கிறார்கள், அழுத்திப் பொருத்தினால் போதும். மரம்தான் வேண்டும் என்றும் இல்லை. முத்து உதிர்த்த மக்காச்சோளச் சக்கை, காப்பிக் கொட்டை, பைன் மரக் காய் என்று எதையெதையோ அச்சில் அடுக்கி, ரெசின் என்ற பிளாஸ்டிக் பிசினை ஊற்றி இறுக வைத்துக் கடைகிறார்கள். நான் கடலூருக்கு வந்த காரணம், இந்தச் செம்மண்ணையும் கடற்கரையையும் சுற்றி ஒரு நாள் பயணத் தூரத்துக்குள் பனை, சவுக்கு, பலா, முந்திரி, சீமைக்கருவேலம் எல்லாம் கிடைக்கும் என்பது. இதில் எதையும் மரக்கடையில் ‘நல்ல மரம்’ என்று எடுத்து நீட்ட மாட்டார்கள், பலாவைத் தவிர.

ஓ.டி. பக்கம், அதாவது பழைய துறைமுகத்துப் பக்கம், ஒரு கடைசல் பட்டறை. கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடித் தூண், தொட்டில் கம்பு, எப்போதாவது சப்பாத்திக் கட்டை. ஆசாரிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும்.

‘பேனாவா? கடையில அஞ்சு ரூபாய்க்குக் கிடைக்குதே தம்பி, அதுக்கா சேலத்துலேர்ந்து வந்த?’

‘ஆமாங்கய்யா.’

‘சரி, உக்காரு.’

பட்டறையின் மூலையில் பழைய வீட்டுக் கூரையிலிருந்து இறக்கிய பனங்கைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எனக்கு வேண்டியது அதுதான். தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அறிவித்தார்கள், நல்ல விஷயம், ஆகவே பனை வேண்டுமென்றால் இடித்த வீட்டுச் சட்டங்களைத் தேடிப் போவதுதான் முறை. இந்தச் சட்டங்கள் பல பத்தாண்டுகள் ஓட்டுக்குக் கீழே புகை பிடித்துக் காய்ந்தவை, ஈரம் என்ற பேச்சே இல்லை.

பனையின் உடம்பே வேறு மாதிரி. தேக்கு, வேம்பு போல வருட வளையம் கிடையாது. கறுப்புக் கம்பி போன்ற நார்கள் நெடுக ஓடுகின்றன, அவற்றுக்கு நடுவே சோறு போன்ற மெத்தென்ற சதை. வெளிப்பட்டைக்கு அருகில் நார்கள் நெருக்கமாக இருக்கும், அதுதான் வைரம். நடுவுக்குப் போகப் போகச் சோறுதான் அதிகம். பேனாவுக்கு எடுப்பதானால் வெளி ஓரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், அதையும் கொஞ்சம் சாய்வாக அறுத்தால் கறுப்பு நார்கள் நேர்கோடாக விழாமல், நீண்ட புள்ளிகளாகச் சிதறித் தெரியும். ஆசாரியிடம் சொன்னதும் அவரே வாளால் சாய்த்து அறுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு எச்சரிக்கை: ‘உளிய அழுத்துனா நாரப் பிடுங்கிட்டு வரும். கூரா தீட்டிக்கிட்டு சும்மா தடவு. கடைசியில உளிய வெச்சுட்டு உப்புத்தாள எடுத்துடு.’

அப்புறம் அவர் எனக்குக் காட்டியது ஒன்று இருக்கிறது, அதற்காகவே இன்னொரு முறை கடலூர் வரலாம். சும்மா கிடந்த ஒரு வேப்பங்கட்டையை லேத்தில் மாட்டிச் சுழலவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு சிவப்பு அரக்குக் குச்சியை எடுத்து அதன் மேல் அழுத்தினார். உரசலில் வரும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டிக்கொள்கிறது. முதலில் திட்டுத் திட்டாக இருந்தது. பிறகு காய்ந்த தாழை மடல் ஒன்றை மடித்து அழுத்திப் பிடித்து இழுத்தார், திட்டெல்லாம் பரவிக் கண்ணாடியாகிவிட்டது. தூரிகை, காயவைப்பது, அடுத்த பூச்சு எதுவும் இல்லை. அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான் பளபளப்பதும், கர்நாடகத்தில் சென்னபட்டணத்துப் பொம்மை பளபளப்பதும் இப்படித்தான். படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது இன்றைக்குத்தான். தாழை மடல் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். கடற்கரைப் பக்கம் கைகாட்டிவிட்டு, டப்பாவிலிருந்து இரண்டு மடலையும் நிறம் போடாத ஒரு அரக்குக் குச்சியையும் எடுத்துக் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை, பனைக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது பிச்சாவரம் பக்கமும் போக எண்ணம் என்றேன். ‘போ, படகுல சுத்து. தில்ல மரத்து மேல மட்டும் உளி வெச்சுடாத, பால் கண்ணுல பட்டா பார்வ போயிடும்’ என்றார். உண்மைதான். தில்லையின் பால் தோலில் கொப்புளம் போடும், கண்ணில் பட்டால் கொஞ்ச நாளாவது பார்வை மங்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே அந்த மரத்தால்தான். அலையாத்திக் காடு பாதுகாக்கப்பட்ட காடு என்பதால் ஒரு குச்சி எடுப்பதும் குற்றம், ஆகவே என் பட்டியலில் அது முதலிலிருந்தே இல்லை.

சாயங்காலம் விறகுத் தொட்டி. இங்கே சீமைக்கருவேலத்தை எடைக்குப் போடுகிறார்கள். கடைக்காரர் நான் ஒவ்வொரு கட்டையாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை வினோதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வேண்டியது, நேராக இருக்கிறதா, வெளிறு (வெளுத்த வெளிப்பகுதி) குறைவாக, வைரம் (பனை போல இல்லாமல் இங்கே உள்ளே முற்றிய பகுதி) அதிகமாக இருக்கிறதா, பூச்சித் துளை உண்டா. கை மணிக்கட்டுப் பருமனில் உள்ளே நல்ல சிவப்போடிய கட்டைகள் சில தேறின. விலை ஒரு டீ, ஒரு வடைக்குள் அடங்கிவிட்டது.

இருட்டுவதற்குள் தேவனாம்பட்டினம். வெள்ளிக் கடற்கரையில் கூட்டம். நான் சவுக்குத் தோப்புப் பக்கம் ஒதுங்கிக் காய் பொறுக்கினேன். நெல்லிக்காயை விடச் சின்னது, உடம்பெல்லாம் சின்னச் சின்ன வாய் திறந்தது போல இருக்கும். ஒரு பையன் வந்து ‘அண்ணே, இதைத் தின்னலாமா?’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடினான்.

வெள்ளி, பண்ருட்டி

பலா சீசன் முடியும் நேரம். மண்டியில் இன்னும் பழம் குவிந்துதான் கிடக்கிறது, ஆனால் நான் போனது அதற்குப் பக்கத்து வேலைக்கு: மரம் அறுக்கும் மில்.

பண்ருட்டிப் பலா மரத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. தஞ்சாவூர் வீணைக்கு மரம் போவது இங்கிருந்துதான். மில்காரர் எனக்குக் காட்டிய கட்டை ஒன்று நிறம் மாறிக் கருந்தேன் நிறத்துக்கு வந்திருந்தது. ‘தானே புயல்ல விழுந்தது சார். அப்போ விழுந்ததுல வித்தது போக மிச்சம்’ என்றார். 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயலில் இந்தப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் ஏக்கர் ஏக்கராகச் சாய்ந்தன. முந்திரி திரும்பக் காய்க்கச் சில வருடம், பலாவுக்கு அதைவிட அதிகம். அப்போது இங்கே இருந்தவர்கள் புயலைப் பற்றிச் சொல்லும்போது காற்றைப் பற்றிச் சொல்வதில்லை, மறுநாள் காலையில் தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்ததைத்தான் சொல்கிறார்கள்.

மேலே கருந்தேன் நிறம் என்றாலும் ரம்பம் போட்டால் உள்ளே இன்னும் மஞ்சள். பலா வைரத்தின் மஞ்சளுக்கு மோரின் என்ற சாயப்பொருள் காரணம், புத்த பிக்குகளின் துவராடைக்கு இந்த மரச் சீவலைக் கொதிக்கவைத்துச் சாயம் எடுப்பது பழைய வழக்கம். வெளிச்சம் பட்டால் மஞ்சள் பழுப்பாகும், எந்த பாலிஷ் போட்டாலும் தள்ளிப்போடலாமே தவிர நிறுத்த முடியாது. பேனா விற்பவர்கள் இதை வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. புதிதாகக் கடைந்த பலாப் பேனாவைப் படம் எடுத்துப் போட்டு ‘தங்க நிறம்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

முந்திரி மரமும் கேட்டேன். மில்காரர் சிரித்தார். விறகுக்குத்தான் போகுமாம். மரம் இலேசு, சீக்கிரம் பூச்சி விழும். வழியில் ஒரு முந்திரிக் கொட்டகை வாசலில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்த அக்காக்களின் விரல்கள் கறுத்திருந்தன. தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரிக்கும், சாம்பல் தொட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். அதே எண்ணெயை மரப் படகுக்குப் பூச்சாகவும் போடுவார்கள், வார்னிஷ் செய்யவும் வாங்கிப் போகிறார்கள். பேனாவுக்கு அதைப் பூசிப் பார்க்கலாமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. கையில் நாள் முழுக்கப் பிடிக்கும் பொருள் என்று நினைவு வந்ததும் விட்டுவிட்டேன். ஒரு முந்திரிக் கிளை மட்டும் எடுத்துக்கொண்டேன், கேட்டதும் கொடுத்தார்கள்.

இரவு புதுச்சேரி, முத்தியால்பேட்டையில் நண்பர் வீடு. மாடியில் தகரக் கொட்டகை, அதற்குள் சின்ன லேத்து. அவர் வீட்டம்மா பலாப்பழத்தை எதிர்பார்த்திருக்கிறார், நான் பலாக்கட்டையோடு போய் நின்றேன்.

சனி, திருவக்கரை

நண்பருக்கு அலுவலகம். நான் மட்டும் பேருந்து பிடித்துத் திருவக்கரை போனேன். வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூடக் கல்மரப் பூங்காவுக்குத் திரும்புவதில்லை.

செம்மண் மேட்டில் மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. பட்டைச் சுருக்கம், கணு, ரேகை எல்லாம் அப்படியே, தொட்டால் கல். சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் என்று பலகை சொல்கிறது. ஆற்று மணலில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நீர் புகுந்து, மரத்தின் அணுவணுவான இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. 1781இல் பிரெஞ்சுக்காரர் சொன்னரா என்பவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊர்க் கதையில் இது அசுரனின் எலும்பு. இந்தக் கல்மரங்களைத் தாங்கி நிற்கும் பாறைக்கு நிலவியலாளர்கள் வைத்த பேர் கடலூர் மணற்பாறை. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேர் விட்டிருப்பது இதே வகைப் பாறை உதிர்ந்த செம்மண்ணில்தான்.

பேனா கடைகிறவனுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை, ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. எடுத்தாலும் ஆகாது: சிலிக்காவின் கடினத்துக்கு முன் எஃகு உளிதான் தேயும், வைரக்கல் தூள் பதித்த சக்கரம் வேண்டும். இருந்தும் வெட்டு முகத்தின் ரேகையைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி கொஞ்ச நேரம் என் பின்னாலேயே நடந்தார், அவரைக் குறை சொல்ல முடியாது.

மரம் என்ற பேச்சில் எடுக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் வெளிநாட்டு வீடியோ பார்த்து மான் கொம்பில் பேனா செய்ய ஆசைப்படுகிறார்கள். இங்கே 1972 வனவிலங்குச் சட்டப்படி தானாக உதிர்ந்த கொம்பை வைத்திருப்பதும் குற்றம். சந்தனம், செம்மரம் என்றால் எங்கே வாங்கினோம் என்பதற்குச் சீட்டு வேண்டும். தேங்காய் ஓட்டில் வளையம் வளையமாக ஒட்டிக் கடையுங்கள், அழகாகத்தான் இருக்கிறது, யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

ஞாயிறு, முத்தியால்பேட்டை

காலை ஆறரைக்கே தொடங்கிவிட்டோம், எட்டு மணிக்கு மேல் தகரக் கொட்டகையில் நிற்க முடியாது.

முதலில் துளை. இதில்தான் பாதிக் கட்டைகள் போகும். டிரில்லை மெதுவாக விட்டு, அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தட்ட வேண்டும். தூள் அடைத்தால் சூடாகும், சூடானால் மரம் உள்ளுக்குள் வெடிக்கும், அது கடைந்து முடியும் தறுவாயில்தான் கண்ணுக்குத் தெரியும். பலா வெண்ணெயாகப் போனது. சீமைக்கருவேலம் (இனிமேல் வெறும் கருவேலம்) கத்தியது, புகை வாடை வந்தது, ஆனால் துளை சுத்தம். பனை மோசம். டிரில்லின் முனை கறுப்பு நாரில் பட்டதும் விலகி, பக்கத்துச் சோற்றுக்குள் போகப் பார்க்கிறது. சின்ன முனையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கினால் ஓரளவு நேராக வரும்.

குழாயை உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, மெதுவாக இறுகும் அரால்டைட் பசை போட்டு ஒட்டினோம். நண்பர் சூப்பர் குளூவே போதும் என்பார், சீக்கிரம் பிடிக்கும். சீக்கிரம் பிடிப்பதுதான் பிரச்சினை, குழாய் பாதி போகும்போதே இறுகிவிட்டால் அந்தக் கட்டை அவ்வளவுதான்.

அரால்டைட் இறுகும் வரை நண்பர் ஏற்கெனவே ஊற்றி வைத்திருந்த சவுக்குக்காய்க் கட்டையை எடுத்தோம். காய்களை அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, அச்சில் அடுக்கி, கறுப்பு கலந்த எபாக்சி ஊற்றி, காற்றுக் குமிழி சுருங்குவதற்காக அழுத்தப் பாத்திரத்தில் வைத்து இறுக வைத்தது. ஈரம் மிச்சம் இருந்தால் ரெசின் நுரைத்துப் பஞ்சாகிவிடும். உளி வைத்ததும் காய்கள் குறுக்கே வெட்டுப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு பழுப்பு நட்சத்திரமாகத் தெரிந்தது. பார்க்கப் பிரமாதம். ஆனால் கையில் பிடித்தால் அது பிளாஸ்டிக், அதற்குள் ஒரு காட்சி. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை, நண்பருக்குப் பிடித்திருக்கிறது, சந்தையில் போவதும் அதுதான் என்கிறார்.

பிறகு பலா. லேத்து நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகிறது, உளியிலிருந்து மஞ்சள் சுருள் நீளமாக வருகிறது, வியர்த்த முழங்கையில் ஒட்டிக்கொண்டு சட்டையெல்லாம் மஞ்சள். இரண்டு பக்கமும் புஷ் விட்டத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மரத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே விரலில் படி தட்டும். கடைவதில் சிரமமே இல்லாத மரம், அதைப் பற்றி எழுதவும் ஒன்றும் இல்லை.

பனைக்கு ஆசாரி சொன்னபடி உளியைப் புதிதாகத் தீட்டினேன். தொட்டதும் கொஞ்சம் சோறு உதிர்ந்தது. உடனே நிறுத்தி, நீர்த்த சூப்பர் குளூவை மேலே ஓடவிட்டேன், சோறு அதைக் குடித்துக் கெட்டிப்பட்டது. மறுபடி ஒரு மெல்லிய சீவல், மறுபடி பசை. இப்படியே போய், கடைசி அரை மில்லிமீட்டரை உளியே தொடாமல் 150ஆம் எண் உப்புத்தாளில் இறக்கினேன். அந்தப் பசை ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும், முகமூடியும் காற்றோட்டமும் கட்டாயம். கடைசியில் கிடைத்தது, மணல் நிறத்தில் சிதறிக் கிடக்கும் கறுப்புக் கீற்றுகள். நண்பர் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அவருடைய சவுக்குப் பேனாவைத் தள்ளி வைத்தார்.

கருவேலம் கடைசியாக. எங்கள் பக்கத்தில் இந்த மரத்துக்கு நல்ல பேர் கிடையாது, கண்மாயைப் பிடித்தது, நிலத்தைப் பிடித்தது, வெட்டிக் கரி மூட்டம் போட மட்டும்தான் லாயக்கு என்பார்கள். இதன் சொந்தக்கார மரத்தை அமெரிக்காவில் மெஸ்கீட் என்று பேனாக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள், காரணம் காயும்போது சுருக்கம் மிகக் குறைவு, நெளியாது. பேனாவுக்கு இது பெரிய விஷயம். உள்ளே அசையாத பித்தளை, வெளியே 2 மில்லிமீட்டர் கூட இல்லாத மரம். மரம் சுருங்கினால் பேனா நெடுக வெடிக்கும். சவுக்குக் கட்டையைக் கடையாமல் அதன் காயோடு நிறுத்திக்கொண்டதும் இதனால்தான், இரும்பு மாதிரி கெட்டி, ஆனால் காயும்போது வெடிப்பு விடும். கருவேலத்தில் உளி போனதும் சாக்லேட்டுச் சிவப்பு, இடையில் பொன் கோடுகள். உப்புத்தாள் போடாமலே ஒரு மினுக்கம். விறகுத் தொட்டிக்காரருக்குப் படம் அனுப்பலாம் என்று பார்த்தேன், எண் வாங்கவில்லை.

முந்திரிக் கிளை? துளை போட்டதும் உள்ளே பூச்சி ஓட்டியிருந்த வழி தெரிந்தது. மில்காரர் சொன்னதுதான்.

கையால் பேனா கடைவது நமக்கு அந்நியம் இல்லை என்பதை நடுவில் நண்பர் நினைவுபடுத்தினார். ராஜமுந்திரியில் ரத்தினம் பேனா 1930களிலிருந்து வருகிறது, நம் திருவள்ளூரிலும் எபோனைட்டில் கடைகிறவர்கள் இருக்கிறார்கள். எபோனைட் என்பது ரப்பரில் நிறையக் கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கியது. அதுவும் மரத்துப் பால்தானே என்றார். சரிதான்.

திங்கள், பாலிஷ்

சண்டை இன்றைக்குத்தான்.

நண்பர் முழுக்க முழுக்க சூப்பர் குளூ கட்சி. சுழலும் பேனா மேல் டிஷ்யூவில் மெல்லிய பசைப் பூச்சுகளாக எட்டு, பத்து ஏற்றி, மைக்ரோமெஷ் என்ற நுண்ணிய மெருகுத் தாளில் 1500ஆம் எண்ணிலிருந்து 12000 வரை தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி வரும். வியர்வை, தண்ணீர் எதுவும் உள்ளே போகாது. ஆனால் இந்தப் பசை இறுகுவதே காற்றின் ஈரத்தால். கடலோர ஊரில் இந்த மாதத்தில் ஈரத்துக்குப் பஞ்சமா, பூச்சு சட்டென்று இறுகி வெள்ளை பூத்தது. கதவைச் சாத்தி, பூச்சை இன்னும் மெல்லிசாக்கிச் சமாளித்தார்.

என் வாதம் வேறு. பனையைத் தேடி, வீடு இடிக்கும் இடத்துக்குப் போய், சாய்வாக அறுத்து, நாரும் சோறும் பிடுங்காமல் கடைந்து, கடைசியில் அதன் மேல் பிளாஸ்டிக் உறை போடுவதென்றால் பனைப் படம் ஒட்டிய பேனாவே போதுமே. பிடித்தால் மரம் என்று விரலுக்குத் தெரிய வேண்டும். பனையில் பசை உள்ளே இருக்கட்டும், அது இல்லாமல் அந்தச் சோறு நிற்காது, மேலே இருக்கும் பசையை மட்டும் மரம் வரும் வரை தேய்த்து எடுத்துவிட்டு, ஆசாரி கொடுத்த அரக்குக் குச்சியை எடுத்தேன். பேனா கட்டில் கால் இல்லை, மேண்ட்ரல் கம்பி மெல்லிசு, அழுத்தினால் வளைந்துவிடும். இலேசாகத் தொட்டு, தாழை மடலால் இழுத்தேன். முதல் இழுப்பில் கோடு கோடாக நின்றது. லேத்தின் வேகத்தைக் கூட்டியதும் உருகிப் பரவியது. நண்பர் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு மடலை வாங்கி பலாப் பேனாவை அவரே இழுத்தார்.

அதோடு என் கட்சி ஜெயித்துவிட்டது என்று எழுத முடியாது. கை கழுவும் சானிடைசரைக் கொண்டுவந்து பலாப் பேனாவில் ஒரு சொட்டு விட்டார், பளபளப்பு அந்த இடத்தில் மங்கியது. அரக்கு சாராயத்தில் கரையும், தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்து பிரெஞ்சு பாலிஷ் போடுவதே அதனால்தான். வெயிலில் நிறுத்திய காரின் முன்பக்கத்தில் வைத்தாலும் இளகும். மறுபடி லேத்தில் மாட்டி மடலால் ஒரு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடுகிறது என்று நான் சொன்னேன். வாங்குகிறவர் வீட்டில் லேத்து இருக்கிறதா என்று அவர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. டாக்டருக்குக் கொடுக்கும் பேனாவுக்கு சூப்பர் குளூ என்று ஒத்துக்கொண்டேன்.

கருவேலத்துக்கு இரண்டு கட்சியும் வேண்டாம். 600 வரை உப்புத்தாள், பிறகு அந்த மரத்தின் சீவலையே கைப்பிடி அளவு எடுத்துச் சுழலும்போது அழுத்திப் பிடித்தால் அதுவே மெருகேற்றும், அதன் மேல் தேன்மெழுகும் கார்னாபா மெழுகும் கலந்தது ஒரு தடவல். இதற்கு மேல் எதுவும் அந்த மரம் கேட்கவில்லை.

மத்தியானம் செயின்ட் லூயி தெருப் பக்கம் போனோம். பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் சைவ ஆகமச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலும் பனையோலைகள். எழுத்தாணி ஓலையில் மை வைக்காது, கீறும், பிறகு கரியைத் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். என் சட்டைப் பையில் பனைப் பேனா இருந்தது. அதை எடுத்து வருகைப் பதிவேட்டில் எழுதலாமா என்று நண்பரைக் கேட்டேன், ‘பந்தா பண்ணாத’ என்றார்.

ஆசிரமத்துக் கைவினைக் காகிதம் ஒரு கட்டு வாங்கி, சாயங்காலம் எல்லாப் பேனாவையும் எழுதிப் பார்த்தோம். பந்து முனை ரீஃபிலுக்கு அந்தக் காகிதத்தின் சொரசொரப்பு ஒத்துப்போகிறது. எடையில் பனை முன்பக்கம் இலேசு, கருவேலம் கனம், நான் அழுத்தி எழுதுகிறவன் என்பதால் எனக்குக் கருவேலம். சவுக்கு ரெசின் பேனா வியர்த்த கையில் வழுக்குகிறது, இதை நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய், கிளம்பும் முன்

இரவு முழுக்க மாடியில் வைத்திருந்த பேனாக்களைக் காலையில் திருகிப் பார்த்தேன். பனையும் கருவேலமும் நேற்று இருந்த மாதிரியே. பலாவில் மட்டும் நடு வளையத்தில் மரம் மயிரிழை எழும்பி நகத்தில் தட்டுகிறது, பழைய கட்டை என்றாலும் கடற்கரை ஈரத்தைக் கொஞ்சம் குடித்திருக்கிறது. சேலம் போனதும் அது தானாக இறங்கும் என்று நினைக்கிறேன், உப்புத்தாளை எடுக்கவில்லை.

விலை பற்றிப் பேச்சு வந்தது. பனைக்கு அதிகம் வைக்கலாம், வேலை அதிகம். கருவேலத்துக்கும் அதே விலை வை என்கிறேன் நான். விறகுக்கு எப்படி அந்த விலை சொல்வது என்று நண்பர் தயங்குகிறார். மரத்தின் பேரை மெஸ்கீட் என்று போட்டால் விற்கும் என்று ஒரு யோசனையும் சொன்னார், அது வேண்டவே வேண்டாம், சீமைக்கருவேலம் என்றே எழுதி ஒட்டச் சொல்லிவிட்டேன். முதல் இரண்டு பேனாவை அடுத்த வாரம் கடையில் வைக்கிறார். போனதா இல்லையா என்று தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன்.

பொறுக்கிய சவுக்குக் காய்கள் அவரிடமே. பனஞ்சட்டத்தில் மிச்சம் என்னோடு வருகிறது, பையில் இடம் இல்லாததால் உளிகளை அவர் வீட்டில் விட்டுவிட்டேன். ஆசாரியிடம் இன்னொரு அரக்குக் குச்சி வாங்க வேண்டும், கடலூரில் இறங்கி அடுத்த பேருந்து பிடித்துக்கொள்ளலாம்.